கணக்கில் சேராத தலைக்கட்டு

2024 பார்லிமெண்டுத் தேர்தல் முடிவை ஜாதிவாரியாகப் பார்த்தார்கள்; மதவாரியாகப் பார்த்தார்கள்; மாதர் வாக்கு எந்தப் பக்கம், இளைஞர் வாக்கு எந்தப் பக்கம் என்று பிய்த்துப் பிய்த்துப் பார்த்தார்கள். பட்டினச்சேரிக் கரையில் மீனவர் வாக்கு எப்படிச் சாய்ந்தது என்று சொல்லக்கூட டீக்கடைக்கு நாலு பேர் இருந்தார்கள். ஒரு கூட்டத்தாரின் கணக்கை மட்டும் எவரும் போடவில்லை. ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண் - தன்பால் ஈர்ப்பு கொண்டோர் என்று இன்று சொல்கிறோமே, அவர்களைத்தான் சொல்கிறோம்.

தேர்தல் முடிந்து நாளாகிவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பிரஸ்தாபம் என்று கேட்கலாம். வாக்குப் போட்டுவிட்டு இன்னமும் காத்து நிற்கிறார்களே, அதற்காகத்தான்.

மற்றவர்களுக்கு அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிற தேர்தல். இவர்களுக்கு அப்படியல்ல. 2018 செப்டம்பர் 6 அன்று சுப்ரீம் கோர்ட்டு 377-வது பிரிவின் பல்லைப் பிடுங்கியது. வயது வந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கூடுவது குற்றமல்ல என்று தீர்ப்பாயிற்று. சரி, ஜெயில் பயம் போயிற்று. சேர்ந்து வாழ்வதற்குச் சட்டத்தில் இடம் உண்டா? அதைக் கேட்டுக்கொண்டு மறுபடி கோர்ட்டுக்குப் போனார்கள். 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னது என்ன? கலியாணம் செய்துகொள்வது அடிப்படை உரிமையாகாது. சட்டத்தைத் திருத்துவது எங்கள் வேலையன்று, பார்லிமெண்டின் வேலை என்றார்கள். கலியாணம் என்ற பெயர் இல்லாவிட்டாலும் இணைவாழ்வு என்றாவது ஒப்புக்கொள்ளலாம் என்றனர் இருவர். அதுவும் கூடாது என்றனர் மூவர். மூன்று பெரிதா, இரண்டு பெரிதா? கதவு அடைபட்டது.

அப்படி அடைபட்ட பிறகு வந்த முதல் பார்லிமெண்டுத் தேர்தல் 2024 தேர்தல். கோர்ட்டுக் கதவு மூடியவன் வேறெங்கே போவான்? வாக்குச் சாவடிக்குத்தான் போவான். போனார்கள்.

முடிவு என்ன? காங்கிரஸ் தன் தேர்தல் அறிக்கையிலே, பரவலாகக் கலந்தாலோசித்த பின் இவர்களின் இணைவாழ்வை அங்கீகரிக்கச் சட்டம் கொண்டுவருவோம் என்று எழுதியிருந்தது. மார்க்சிஸ்டுக் கட்சி அதைவிடத் தெளிவாகவே எழுதியிருந்தது. பாரதிய ஜனதா அறிக்கையில் திருநங்கையருக்குக் காப்பகமும் அடையாள அட்டையும் மருத்துவக் காப்பீடும் இருந்தன; ஆணை விரும்பும் ஆணுக்கும் பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் ஒரு வரி கிடையாது. ஜூன் 4 அன்று பெட்டி திறந்தது. தனியாகவே 370, கூட்டாக 400 என்று முழங்கியவர்கள் 240-ல் வந்து நின்றார்கள். தமிழ்நாட்டில் 39-க்கு 39. புதுச்சேரித் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் வைத்திலிங்கம் 1,36,000 வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். இங்கே பட்டாசு வெடித்தது. டில்லியில் ஆட்சி மாறவில்லை.

இதைக் கேட்டுச் சிரிப்பதா, அழுவதா? இரண்டும்தான் இருந்தது. இறுமாப்பு குறைந்ததே என்ற நிம்மதி ஒரு பக்கம். எழுதிக் கொடுத்தவன் எதிர்வரிசையில் உட்கார்ந்துவிட்டானே, எழுதாதவன்தானே சட்டம் செய்யப் போகிறான் என்ற ஏக்கம் மறுபக்கம். அவர்களுக்குள்ளும் எல்லோரும் ஒரே கட்சி அல்ல. சாதிக்காக, சாமிக்காக, சலுகைக்காக ஆளுங்கட்சிக்கு வாக்களித்தவர்களும் அவர்களில் இருக்கத்தான் செய்வார்கள். மனிதர்கள் அல்லவா? நம் வீட்டில் அப்பனும் பிள்ளையும் ஒரே சின்னத்துக்கா குத்துகிறோம்?

ஆளுங்கட்சியாரின் வாதத்தையும் பார்க்க வேண்டும். 2023-ல் மத்திய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் கொடுத்த மனுவில், இந்தக் கோரிக்கை நகரத்து மேட்டுக்குடியினரின் கருத்து, நாட்டு மக்களின் கருத்தல்ல என்று சொல்லிற்று. நம் தோழர்களிலேயே சிலர் அப்படி நினைக்கிறார்கள். “படித்தவன், பணக்காரன் வம்பு இது, நமக்கு டீசல் விலையும் வலை விலையும் இருக்கும்போது இது என்னத்துக்கு?” என்கிறார்கள்.

பணக்காரனுக்கு இதனால் என்ன கஷ்டம்? நன்றாக யோசியுங்கள். அவன் வக்கீலை வைத்து உயில் எழுதுவான். வீட்டை இருவர் பெயரிலும் பதிவு செய்வான். மனம் வெறுத்தால் விமானம் ஏறி வேறு நாட்டுக்குப் போய்விடுவான். குடும்பம் என்று சர்க்கார் எதை எழுதிவைத்திருக்கிறதோ, அதை நம்பிப் பிழைக்கிறவன் யார்? சிவப்பு ரேஷன் அட்டைக்காரன். அன்றாடங்காய்ச்சி.

பட்டினச்சேரியையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடை. 2024-ல் வாக்குப் போட்ட ஏப்ரல் 19-ம் அந்தத் தடைக்குள்தான் வந்தது, வாக்கு எண்ணிய ஜூன் 4-ம் அதற்குள்தான் வந்தது. வேலை இல்லாத அந்த 61 நாளுக்குச் சர்க்கார் நிவாரணம் தருகிறதே, எப்படித் தருகிறது? குடும்பத்துக்கு இவ்வளவு என்று தருகிறது. குடும்பம் என்றால் ரேஷன் அட்டை. 2004 டிசம்பர் 26-ல் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு வீடு கொடுத்தார்களே, அதுவும் குடும்பக் கணக்குத்தான். ஊர்ப் பஞ்சாயத்தின் கணக்கு இன்னொரு விதம். கலியாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. வரியும் தலைக்கட்டுக்கு, பங்கும் தலைக்கட்டுக்கு என்பது கடலோர ஊர்களில் பெரும்பாலும் உள்ள வழக்கம். நாற்பது வயதானாலும் கலியாணம் கட்டாதவன் அப்பன் வீட்டுப் பிள்ளைதான். அப்பன் போனால் அண்ணன் வீட்டுத் திண்ணைதான்.

ஒரே பைபர் படகில் பங்குக்குப் போகிற இருவர் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பதினைந்து வருஷமாக ஒரே கூரையில் ஒரே உலையில் வாழ்கிறார்கள். ஊருக்குத் தெரியும், ஊர் வாய் திறப்பதில்லை. ஒருவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மத்திய சர்க்காரின் மீனவர் விபத்துக் காப்பீட்டில் சாவுக்கு 5 லட்சம் ரூபாய் உண்டு. அது யாருக்கு? வாரிசுக்கு. வாரிசுச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு யார் போவான்? பத்து வருஷமாக முகத்தில் விழிக்காத அண்ணன் போவான். கூட வாழ்ந்தவன், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவன், கரையில் நின்று காத்திருந்தவன், அவனை ஆபீசில் ‘நீ யார்?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வான்? சிநேகிதன் என்பான். சிநேகிதனுக்குச் சட்டத்தில் ஒரு செப்புக்காசு கிடையாது. ஆஸ்பத்திரியில் பிணத்தை வாங்கிக் கையெழுத்துப் போடக்கூட அவனுக்கு யோக்கியதை இல்லாமல் இருந்தது.

இதுவா மேட்டுக்குடிப் பிரச்சினை?

பெண்கள் நிலை இதைவிட மோசம். ஆண் பிள்ளையாவது கலியாணத்தைத் தள்ளிப்போட்டுக் கடலுக்கோ வெளிநாட்டுக்கோ போகலாம். பெண் எங்கே போவாள்? இரண்டு பெண்கள் மதுரையிலிருந்து தப்பிச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் “பெண்ணைக் காணோம்” என்று போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வழக்கில்தான் 2021 ஜூன் 7 அன்று சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவர்களை ‘மாற்றுகிறோம்’ என்று சொல்லி வைத்தியம் செய்வதற்குத் தடை போட்டார். தமக்கே இந்த விஷயம் புரியவில்லை என்று சொல்லி, மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிய தீர்ப்பு அது. பெரிய நாற்காலியில் இருப்பவர் அப்படிச் செய்தது அபூர்வம், சொல்லத்தான் வேண்டும்.

“இது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம்” என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். காரைக்கால்காரன் மட்டும் அதைச் சொல்லவே கூடாது. ஏன் தெரியுமா? 377 என்பது இங்கிலீஷ்காரன் 1860-ல் எழுதிய பிரிவு. பிரெஞ்சுக்காரனோ 1791-லேயே அந்தக் குற்றத்தைத் தன் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டான். ஆகவே காரைக்கால் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தபோது இங்கே அப்படி ஒரு பிரிவே கிடையாது. வாஞ்சூரைத் தாண்டி நாகூரில் கால் வைத்தால் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம்; திரும்பி இந்தப் பக்கம் வந்தால் குற்றமல்ல! 1954 நவம்பர் 1-ல் நாம் இந்தியாவோடு சேர்ந்தோம். 1963 அக்டோபர் 1-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே வந்தது. 377-ம் கூடவே வந்தது. ஒரு வெள்ளைக்காரனை அனுப்பிவிட்டு இன்னொரு வெள்ளைக்காரனின் சட்டத்தை வாங்கிக்கொண்டோம். வந்தது பழக்கமல்ல, தண்டனைதான். பிரெஞ்சுக்காரன் காலத்தில் இவர்கள் சுகமாய் வாழ்ந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. சட்டம் சும்மா இருந்தாலும் ஊர் சும்மா இருந்திராது. ஆனால் ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் காரைக்காலில் இன்றும் உண்டு. 2022 பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலுக்கு அவர்களுக்கு இங்கேயே வாக்குச் சாவடி வைத்தார்கள். பிரான்சில் 2013 முதல் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கலியாணம் செய்யலாம். ஒரே தெருவில், அந்தப் பாஸ்போர்ட்டு இருப்பவனுக்கு அந்த உரிமை. பக்கத்து வீட்டுக்காரனுக்குத் திண்ணை.

தேர்தலுக்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டம் வந்தது. அதில் 377 அடியோடு இல்லை. நல்லதுதான். ஆனால் ஆணை ஒருவன் பலாத்காரம் செய்தால் அதற்கென்று இருந்த பிரிவும் அதோடு போய்விட்டது. குப்பையைக் கொட்டும்போது பாத்திரத்தையும் சேர்த்துக் கொட்டினார்கள். பிறகு, கோர்ட்டில் கொடுத்த வாக்குப்படி மத்திய அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு. அதற்கான அறிவிப்பு 2024 ஏப்ரல் 16-ல், நாம் வாக்களிக்க மூன்று நாள் இருக்கும்போது வந்தது. அந்தக் குழு கூடிப் பேசியதன் பேரில், ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் சில கடிதங்கள் கிளம்பின. ரேஷன் அட்டைக்கு இப்படி வாழ்பவர்களை ஒரே குடும்பமாகக் கருதுக. பாங்கியில் கூட்டுக் கணக்குத் திறக்கவும், ஒருவர் மற்றவரை நியமனதாரராக எழுதவும் தடையில்லை. நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடன் வாழ்ந்தவர் உடலைக் கேட்டுப் பெறலாம்.

மேட்டுக்குடி வம்பு என்று சொன்ன சர்க்கார் எழுத வேண்டிவந்தது ரேஷன் அட்டையைப் பற்றி! எங்கள் வாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனாலும் கடிதம் கடிதம்தான், சட்டமாகாது. இன்று எழுதியதை நாளை இன்னொரு கடிதம் அடித்துவிடலாம். அட்டை ஆபீசுக் குமாஸ்தாவின் மேஜை முன்னால், வரிசையில் ஊர்க்காரர் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்க, “நாங்கள் இருவரும் ஒரு குடும்பம்” என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? சட்டம் என்று ஒன்று இருந்தால் சொல்கிறவனுக்கு முதுகெலும்பு. கடிதம் மட்டும் இருந்தால் குமாஸ்தாவின் தயவு. கோர்ட்டிலும் பழைய கதைதான்: மறுபரிசீலனை மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. அதே ஆண்டு மே மாதம், வீட்டார் அடைத்து வைத்த ஒரு பெண்ணை விடுவித்த சென்னை ஐகோர்ட்டு, குடும்பம் அமையக் கலியாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்று எழுதியது. ஆறுதலான வார்த்தை. சாவுப்பணம் வாங்க அது போதாது.

நம் இயக்கங்களின் பழைய தொண்டர்களுக்கு இது புதுக்கதையும் அல்ல. புரோகிதர் இல்லாமல் சுயமரியாதைக் கலியாணம் செய்தவர்களை 1953-ல் சென்னை ஐகோர்ட்டு என்ன சொல்லிற்று? அது செல்லாத கலியாணம் என்றது. இருபது வருஷம் வாழ்ந்து பிள்ளை பெற்றவர்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் கணவனும் அல்ல, மனைவியும் அல்ல என்று ஆனார்கள். ஊர் சிரித்தது. கோர்ட்டு மூடியதைத் திறந்தது எது? 1967 தேர்தல். அண்ணா முதல்வரானார், சட்டசபையில் சட்டம் வந்தது, 1968-ல் அமுலாயிற்று. முன்பு நடந்த கலியாணங்களும் செல்லும் என்றாயிற்று. அந்த நியாயம் அன்று நமக்கு வேண்டியிருந்தது. இன்று வேறொருவருக்கு வேண்டியிருக்கிறது.

கடைசியில் நம் அணியாரிடம் ஒரு கேள்வி உண்டு. கசந்தாலும் கேட்பது கடமை. அறிக்கையில் அச்சடித்த அந்த ஒரு வரியைக் காரைக்கால் மேடை எதிலாவது யாராவது சொல்லக் கேட்டவர்கள் கையைத் தூக்குங்கள். எதிரிக்குப் பயந்தா சொல்லவில்லை? இல்லை, நம் சொந்த வாக்காளர் முகம் சுளிப்பாரே என்ற பயம். எழுத்தில் தைரியம், மேடையில் மௌனம் என்றால், வாக்களித்தவன் எதை நம்புவான்? அவர்களின் மனம் இரண்டுபட்டுக் கிடப்பதற்கு டில்லி பாதிக் காரணம் என்றால், இந்த மௌனம் மறுபாதி.

எதிர்க்கட்சியில் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் சாக்குத்தான். தனிநபர் மசோதா கொண்டுவரலாம். 2022-லேயே சுப்ரியா சுலே கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை, ஆனாலும் பார்லிமெண்டில் பதிவாயிற்று. கலந்தாலோசிப்பதற்கு ஆட்சி எதற்கு? ஒரு பந்தலும் பத்து நாற்காலியும் போதுமே. புதுச்சேரி எம்.பி. அவர்கள் காரைக்கால் வரும்போது தோழர்கள் கேட்கட்டும்: பரவலாகக் கலந்தாலோசிப்போம் என்று உங்கள் கட்சி எழுதியதே, அந்தக் கலந்தாலோசனையை எந்தத் தேதியில் தொடங்குகிறீர்கள்? திருமலைராயன்பட்டினம் பக்கம் யாரைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறீர்கள்?