கணினி போடும் கிலோக் கணக்கு: தராசடியில் நிற்கும் நேரமும் அதில் ஏறட்டும்



கணக்கப்பிள்ளையின் கொப்பியில் இருந்த கொழுந்துக் கணக்கு மின்னணுத் தராசுக்கும் கைத்தொலைபேசிக்கும் மாறியதை நாம் பார்த்துவிட்டோம். இப்போது அதற்கு அடுத்தது வந்து நிற்கிறது.

அண்மையில் ஒரு தோட்டத்தில் நமது தோட்டக் கமிட்டித் தலைவரையும் மாதர் தலைவியையும் ஆபீசுக்கு அழைத்து, சுவரில் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வரிசையாகப் பெட்டிகள், நடுவில் அம்புக்குறிகள். பெரட்டு ஒரு பெட்டி, மலைக்குப் போவது ஒரு பெட்டி, கொழுந்து பறித்தல், நிறுவை, லொறி, ஸ்டோர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. ஒரு பொத்தானை அழுத்தியதும் சின்னச் சின்னப் புள்ளிகள் பெட்டிக்குப் பெட்டி ஓடின. அந்தப் புள்ளிகள்தான் நாமாம். ஒரு மாத வேலை ஒரு நிமிடத்தில் ஓடி முடிந்து, கடைசியில் ஓர் எண் வந்தது. ஒருவர் ஒரு பெயருக்கு இப்போது எடுக்கும் 18 கிலோவுக்கு மேல் இன்னும் இரண்டு கிலோ எடுக்கலாம் என்றது அது. "இதை நாங்கள் சொல்லவில்லை, கணினி சொல்கிறது" என்றார்கள்.

நமது தலைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, தராசடியில நாங்க நிக்கிற நேரம் இதுல எந்தப் பெட்டியில இருக்கு?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை எல்லாத் தோட்டங்களிலும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இது என்ன மென்பொருள்?

இதைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. இது இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்று படம் வரைகிறது. வட்டம் என்றால் தொடக்கம் அல்லது முடிவு. பெட்டி என்றால் ஒரு வேலை. சாய்ந்த சதுரம் என்றால் "ஆமா, இல்லை" என்று வழி பிரியும் இடம். இந்தக் குறிகளுக்கு உலகம் முழுவதற்கும் ஒரு பொது முறை உண்டு. பி.பி.எம்.என். என்று பெயர். 2004இல் வெளிவந்து, 2013இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. ஓ.எல். படித்த நம் பிள்ளை ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் இந்தக் குறிகளைப் படித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, அந்தப் படத்தை வைத்து ஒத்திகை பார்க்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை நிமிடம், எத்தனை ஆள், எவ்வளவு செலவு என்று எண்களைக் கொடுத்தால், கணினி அந்த வேலையைக் கற்பனையில் நடத்திப் பார்க்கும். லொறி அரை மணி பிந்தினால் என்ன ஆகும், இன்னொரு தராசு வைத்தால் என்ன ஆகும், பத்துப் பேர் குறைந்தால் என்ன ஆகும் என்று காசு செலவழிக்காமலே பார்த்துவிடலாம். வங்கிகளிலும் துறைமுகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இப்படிப் பார்க்கிறார்கள்.

இதில் நமக்கும் நன்மை இருக்கிறது. பறித்த கொழுந்து சாக்கில் அடைபட்டுக் கிடந்தால் சூடேறிக் கெட்டுப்போகும். லொறி எங்கே பிந்துகிறது, கொழுந்து எங்கே தேங்குகிறது என்று இந்த மென்பொருள் காட்டிக்கொடுக்கும். ஆகவே கணினியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்குள் யார் எந்த எண்ணைப் போடுகிறார்கள் என்று கேட்கிறோம்.

இரண்டு கிலோ எங்கிருந்து வந்தது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மலையில் 60 பேர் கொழுந்து எடுக்கிறார்கள், ஒரே ஒரு தராசு என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் கொழுந்தை நிறுத்துப் பதிய அரை நிமிடம். எல்லோரும் ஒன்றாகத்தான் வந்து சேர்கிறோம். முதலில் நிற்பவர் உடனே போய்விடுவார். கடைசியில் நிற்பவர் ஏறக்குறைய அரை மணி நேரம் நிற்பார். சராசரியாக ஒருவருக்கு 15 நிமிடம். காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவைக்கும் சேர்த்தால் 45 நிமிடம்.

எட்டு மணி வேலை என்றால் 480 நிமிடம். அதில் 45 நிமிடம் தராசடியில் போனால் மிச்சம் 435 நிமிடம். வேறு எதையும் கழிக்காமல் பார்த்தாலும், 18 கிலோ எடுக்கும் ஒருவர் அந்த 435 நிமிடத்தில்தான் எடுத்திருக்கிறார். இப்போது காத்திருக்கும் நேரத்துக்குப் படத்தில் பெட்டி இல்லாமல் விட்டுவிடுங்கள். அதே வேகத்தில் 480 நிமிடமும் கை ஓடும் என்று கணினி நினைத்துக்கொள்ளும். விடை என்ன வரும்? ஏறக்குறைய 20 கிலோ.

அந்த இரண்டு கிலோ செடியில் இல்லை. நாம் வரிசையில் நின்ற நேரத்தைக் கணக்கில் போடாமல் விட்டதால் மட்டும் அது வந்துவிடும்.

இதே கணக்கை நம் பக்கத்திலிருந்து பாருங்கள். 60 பேருக்கு 45 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 45 மணித்தியாலம். ஐந்து பேரின் முழு நாள் வேலையைவிட அதிகம். இரண்டாவது தராசு ஒன்று வைத்தால் இது பாதியாகும். அதே மென்பொருளில் இதை ஓடவிட்டால் அதுவும் தெரியும். ஆனால் "ஆள் இன்னும் இரண்டு கிலோ எடுக்கலாமா" என்று கேட்டவர்கள், "தராசு இன்னும் ஒன்று வைக்கலாமா" என்று கேட்டார்களா? கணினி கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேட்காத கேள்வியை அது தானாகக் கேட்காது.

பெட்டிக்குள் அடங்காதவை

"கொழுந்து பறித்தல்" என்று ஒரே பெட்டி போட்டுவிடுவது எளிது. அந்தப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். செங்குத்தான மலையும் உண்டு, சமமான மலையும் உண்டு. கவ்வாத்து வெட்டி அண்மையில் எழும்பிய மலையும் உண்டு, காடேறிப்போன பழைய மலையும் உண்டு. மழை, அட்டை, குளவிக்கூடு எல்லாம் உண்டு. மலையில் மலசலகூடம் இல்லாததால் தூரம் நடந்து போய் வருவது உண்டு. பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடிவரும் தாய் உண்டு.

அடுத்தது, அளந்த நாள். கொழுந்து நன்றாக விளையும் மாதத்தில், நல்ல மலையில், கைவேகம் உள்ள ஒருவர் பக்கத்தில் மணிக்கூட்டோடு நின்று எடுத்த நிமிடக் கணக்கை ஆண்டு முழுவதற்கும் போட முடியுமா? வரட்சிக் காலத்தில் செடியில் கொழுந்தே இல்லாதபோது கணினியின் எண் மட்டும் அப்படியே நிற்கும். கிலோ குறைந்தது என்று அரைப்பேர் விழுவது நமக்கு.

சராசரியும் ஒரு பொறி. இருபது வயதுப் பிள்ளையும் ஐம்பத்தைந்து வயது அம்மாவும் சேர்ந்ததுதான் சராசரி. சராசரியையே ஒரு பெயருக்கான கிலோவாக வைத்தால், ஏறக்குறையப் பாதிப் பேர் தினமும் தோற்றுப்போவார்கள். பாதிப் பேரும் சோம்பேறிகள் என்று அதற்குப் பொருளல்ல. சராசரி என்பதே அப்படித்தான்.

நோர்வேயில் நடந்தது

இது நமக்கு மட்டும் வந்த பிரச்சினை அல்ல. கணினியில் ஒத்திகை பார்ப்பதற்கென்றே உருவான முதல் மொழிகளில் ஒன்று சிமுலா. 1960களில் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் கிறிஸ்டன் நிகார்ட், ஓலே யோஹான் டால் என்ற இருவர் அதை உருவாக்கினார்கள். இன்றைய பல கணினி மொழிகளுக்கு அதுவே மூத்த மொழி. கணினித் துறையின் மிக உயர்ந்த பரிசான டியூரிங் விருது அவர்களுக்கு 2001ஆம் ஆண்டுக்காக வழங்கப்பட்டது.

அந்த நிகார்ட், தான் உருவாக்கிய கருவி தொழிற்சாலைகளில் வேலையைத் திட்டமிடப் பயன்படுவதைக் கண்டார். அது தொழிலாளரின் வேலையை இறுக்கி, அவர்கள் கையில் இருந்த தீர்மானத்தையும் பறிக்கும் என்று கவலைப்பட்டார். 1970களின் தொடக்கத்தில் அவர் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்யப் போனார்.

அங்கே அவர்கள் செய்ததை நாம் கவனிக்க வேண்டும். முதலில், படித்தவர்கள் ஆராய்ந்து சங்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது என்றுதான் திட்டம் போட்டார்கள். அது உதவாது என்று விரைவில் விளங்கியது. அறிக்கை அலுமாரிக்குப் போகும், தொழிலாளிக்கு ஒன்றும் தெரியவராது. ஆகவே முறையை மாற்றினார்கள். தொழிற்சாலையில் இருந்த சங்கக் கிளைகளே தங்கள் வேலையைத் தாங்களே ஆராய்ந்தன. தொழிலாளருக்கு விளங்கும் பாடப் புத்தகம் எழுதப்பட்டது. வகுப்புகள் நடந்தன. சங்கம் என்ன நடவடிக்கை எடுத்தது என்பதே பலன் என்று வைத்துக்கொண்டார்கள்.

அதன்பின் தொழிற்சாலைகளில் கணினி பற்றிய ஒப்பந்தங்கள் வந்தன. 1975இல் நோர்வேயின் தொழிற்சங்கச் சம்மேளனமும் முதலாளிமார் சங்கமும் நாடு முழுவதற்குமாக ஓர் ஒப்பந்தம் செய்தன. புதிய கணினி முறை வருமுன் தொழிலாளருக்கு விளங்கும் மொழியில் தகவல் கொடுக்க வேண்டும் என்றாயிற்று. கணினி விடயங்களைப் பார்க்கத் தொழிலாளர் தங்களுக்குள்ளிருந்தே ஒரு பிரதிநிதியைத் தெரிவுசெய்யும் முறையும் வந்தது. 1977இன் வேலைச் சூழல் சட்டத்திலும் இந்த உரிமை ஏறியது.

அந்தத் தொழிலாளர்கள் கணினி விஞ்ஞானிகள் அல்லர். இரும்படித்தவர்கள். அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

இரண்டு பக்க வாதங்கள்

கம்பனிக்காரர், "உற்பத்தி கூடாவிட்டால் தோட்டம் நிலைக்காது" என்பார்கள். உற்பத்தி கூடட்டும். தராசு வரிசை குறைந்து, லொறி நேரத்துக்கு வந்து, கொழுந்து கெடாமல் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தால் உற்பத்தி கூடத்தான் செய்யும். அதில் மிஞ்சும் நேரமும் காசும் யாருக்கு என்பதைப் பேசித் தீர்க்க வேண்டும்.

நம் பக்கத்தில் சிலர், "இந்தப் படத்தைப் பார்க்கவே போகக்கூடாது, போனால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்" என்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. 2021இல் ஆயிரம் ரூபா வர்த்தமானி வந்த கையோடு எத்தனை தோட்டங்களில் கிலோச் சண்டை வந்தது என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் நாம் பார்க்காமல் இருந்தால் படம் நின்றுவிடாது. நாம் இல்லாமலே முடிந்துவிடும். போவோம், பார்ப்போம், கேட்போம். விளங்காமல் எதிலும் கையெழுத்து மட்டும் வைக்கமாட்டோம்.

நாம் கேட்க வேண்டியவை

1. இப்படிப்பட்ட படமோ ஒத்திகையோ செய்யுமுன் தோட்டக் கமிட்டிக்கு அறிவிக்க வேண்டும். படம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும்.

2. உள்ளே போட்ட எண்கள் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். எந்த மலையில், எந்த மாதத்தில், எத்தனை நாள், யார் அளந்தது என்று எழுத்தில் தர வேண்டும்.

3. காத்திருப்பு, நடை, சாப்பாடு, மலசலகூடம், பால் கொடுக்கும் நேரம், மழை ஆகியவை தனித்தனிப் பெட்டிகளாக இருக்க வேண்டும்.

4. கணினியில் வந்த எண்ணை அப்படியே ஒரு பெயருக்கான கிலோவாக்கக்கூடாது. கிலோவை மாற்றுவதானால் சங்கத்தோடு பேச வேண்டும். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் கூட்டு ஒப்பந்தத்துக்கு இடம் கொடுத்திருப்பது இதற்குத்தான்.

5. ஆள் ஆளாகச் சேர்த்த நிமிடக் கணக்கைத் தண்டனைக்குப் பயன்படுத்தக்கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அது ஏட்டில் இருந்தால் போதாது, நம் ஒப்பந்தத்திலும் ஏற வேண்டும்.

6. நோர்வேயில் போல, கணினி விடயங்களைப் பார்க்க ஒவ்வொரு தோட்டத்திலும் தொழிலாளர் ஒருவரைத் தெரிவுசெய்ய இடம் வேண்டும். அவருக்குச் சம்பளத்தோடு பயிற்சி நேரம் கொடுக்க வேண்டும்.

நாளையே தொடங்கலாம்

கேட்பதற்கு நம் கையில் எண் வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் ஒரு கொப்பி போடுவோம். இரண்டு கிழமைக்கு எழுதுவோம். பெரட்டு எத்தனை மணிக்கு, மலையில் கால் வைத்தது எத்தனை மணிக்கு, தராசு வரிசையில் நின்றது எத்தனை மணிக்கு, நிறுத்து முடிந்தது எத்தனை மணிக்கு, எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு, மழையா வெயிலா. இவ்வளவுதான். கையில் போன் இருப்பவர் ஒருவர் நேரத்தைச் சொன்னால், இன்னொருவர் எழுதலாம்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் கணினி படித்தவர்கள் இருக்கிறார்கள். காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய இத்தகைய மென்பொருளும் உண்டு. பிஸாகி மொடலர் என்பது அதில் ஒன்று. கொப்பியில் உள்ளதை அவர்கள் படமாக்கட்டும். தராசு ஒன்று என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன என்று ஓடவிட்டுப் பார்க்கட்டும். அடுத்த முறை ஆபீசில் அவர்கள் படத்தைப் போடும்போது, நம் படத்தையும் பக்கத்தில் வைப்போம்.

எழுதி முடித்த கொப்பிகளைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். மாவட்டக் காரியாலயத்தில் ஒன்றுசேர்த்துப் பார்ப்போம். தராசடியில் நின்று நின்று கால் வலித்த நேரம் எல்லாம் இதுவரை எவர் கணக்கிலும் ஏறவில்லை. அதை முதலில் நம் கணக்கில் ஏற்றுவோம்.