கணக்குப் பார்த்தால் என்ன மிஞ்சும்?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் பழமொழி. ஆகவே கணக்குப் பார்க்காதே என்று இதற்குப் பொருள் கொள்வோர், உழாதவர்களாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறோம். கைவினைப் பொருளுக்கு விலை கூட்டிப் பார்ப்பது கொச்சையானது, அது அன்பினால் செய்யப்படுவது என்று நம் இலக்கிய நண்பர்கள் சிலர் பேசும்போதும் இதே பொருள்கோள்தான் நினைவுக்கு வருகிறது.

அமெரிக்காவில் வீடுகளில் தைத்து இணையம் வழி விற்கப்படும் 'க்வில்ட்' என்னும் ஒட்டுத்துணிப் போர்வையை எடுத்துக்கொள்வோம். துண்டுத்துணிகளை வெட்டி இணைத்து மேற்புறம் அமைக்க வேண்டும். நடுவே பஞ்சடுக்கு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் ஊடுருவி நெருக்கமாகத் தையல் ஓட்டி, கடைசியில் விளிம்பு கட்ட வேண்டும். இருவர் படுக்கும் கட்டிலுக்கானதை முழுக்கக் கையால் தைத்தால் பல மாத மாலைப்பொழுதுகள் அதற்கே போய்விடும். இவ்வளவும் செய்தபின், துணிக்கும் பஞ்சுக்கும் ஆன செலவின்மேல் ஒரு சிறு தொகையைக் கூட்டி விலை வைத்துவிடுவோர் பலர்.

குறைத்தே கணக்கிடுவோம். பொருட்செலவு 200 டாலர், உழைப்பு 150 மணி நேரம், விலை 350 டாலர் என்று கொள்வோம். எட்சி என்னும் இணையச் சந்தை 2022 ஏப்ரலிலிருந்து விற்பனைத் தொகையில் 6.5 விழுக்காட்டைக் கழித்துக்கொள்கிறது. பணத்தைப் பெற்றுத் தருவதற்கு அமெரிக்காவில் 3 விழுக்காடும் 25 சென்ட்டும் தனி. பொருளைப் பட்டியலிட 20 சென்ட். ஆக 33 டாலர் 70 சென்ட் கழிந்துவிடும். தைத்தவருக்கு எஞ்சுவது 116 டாலர் 30 சென்ட், அதாவது மணிக்கு 78 சென்ட்டுக்கும் குறைவு. அந்நாட்டுக் கூட்டரசு 2009இல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியோ மணிக்கு 7.25 டாலர். அதைக் கொடுத்தால் உழைப்புக்கு மட்டுமே 1,087 டாலர் 50 சென்ட் ஆகும்.

'எனக்கு இது பொழுதுபோக்கு, லாபம் வேண்டாம்' என்பார்கள். நல்லது, பரிசாகக் கொடுக்கட்டும். பரிசுக்கு விலைச்சீட்டு இல்லை. ஆனால் 350 டாலர் என்று எழுதிச் சந்தையில் வைத்த கணமே அது பிறருக்கும் அளவுகோலாகிவிடுகிறது. ஊசியை நம்பி உலை வைக்கும் ஒருத்தி 1,300 டாலர் கேட்டால், 'அங்கே 350க்குக் கிடைக்கிறதே' என்ற பதில் வருகிறது. ஒருவரின் தாராளம் இன்னொருவரின் கூலியிலிருந்து எடுக்கப்படுகிறது.

அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கதையையும் இங்கே நினைக்க வேண்டும். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. தோட்ட முதலாளியின் பெயரான 'பெட்வே' அங்கே பலருக்கு இன்றும் குடும்பப் பெயர். வயலில் உழைத்துக் கிழிந்த உடைகளைக் கொண்டு, குளிருக்காகப் போர்வை தைத்தார்கள் அவ்வூர்ப் பெண்கள். 1966இல், சம உரிமைப் போராட்டத்தின் சூட்டில், அவ்வட்டாரப் பெண்கள் கூட்டுறவு அமைப்பொன்றைத் தொடங்கினர். அதையொட்டி ஒரு போர்வைக்கு அவர்கள் முதலில் பெற்ற தொகை 10 டாலர். 2002இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திற்குப் போயின. நவீன ஓவியத்திற்கு நிகர் என்றனர் விமர்சகர்கள். 2006இல் அஞ்சல்தலையும் வந்தது. 2007இல் அவ்வூர்ப் பெண்கள் சிலர், தமக்குரிய பங்கு தம்மை வந்தடையவில்லை என்று நீதிமன்றம் ஏறினர். 2008இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2021 முதல் பலர் தத்தம் பெயரில் இணையக் கடை வைத்து, பெரிய போர்வைகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலை சொல்கிறார்கள்.

கலை என்று கொண்டாடப்படுவதும் கூலி கிடைப்பதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தவிரவும், எல்லாத் தையற்காரிக்கும் ஓர் அருங்காட்சியகம் வாய்ப்பதில்லை. புகழ் இல்லாதவளுக்குத் துணை அவளுடைய மணிக்கணக்கு ஒன்றுதான். அதையும் அன்பின் பெயரால் பறிப்பது எவ்வகை அறம்?

விலை ஏறினால் எளியவர் வாங்க இயலாதே என்ற மறுப்பு நேர்மையானது. நாமும் வாங்க இயலாதவர்களே. ஆனால் எளியவருக்காகக் கசிந்துருகும் நாம், அந்தச் சலுகையை இன்னோர் எளியவளின் இரவுகளிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

இனி, நம் முற்றத்திற்கு வருவோம். நம் சிற்றிதழ்கள் அச்சகத்திற்குப் பணம் தருகின்றன, தாளுக்குத் தருகின்றன, அஞ்சலுக்குத் தருகின்றன. எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் பெரும்பாலும் இதழின் பிரதிதான். இலக்கியத்தின்மேல் கொண்ட காதலால் எழுதுகிறோம் என்று நாமும் பெருமைப்பட்டிருக்கிறோம். ஆனால் மாதம் பிறந்தால் கல்லூரிச் சம்பளம் வாங்கும் நம்மைப் போன்றோருக்கு அந்தக் காதல் கட்டுப்படியாகிறது. எழுத்தை மட்டுமே நம்பிய மொழிபெயர்ப்பாளர் பக்கத்திற்கு இவ்வளவு என்று வாய்திறந்தால், இலவசமாக எழுதிய நம்மைக் காட்டியே அவர் வாயை அடைக்கிறார்கள். 350 டாலருக்குப் போர்வை விற்பவர்கள் நாம்தான்.

ஆகவே விலைக்குப் பக்கத்தில் மணி நேரத்தையும் எழுதுங்கள் என்கிறோம், போர்வையானாலும் மொழிபெயர்ப்பானாலும். சலுகை தருவதாயின் அதையும் எழுதிவிட்டுத் தருவோம். உழக்கும் மிஞ்சவில்லை என்று ஊரறியச் சொல்வதற்காகவேனும் உழுதவர் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.