ராக்கெட் அப்புறம், முதலில் ஷூ!

போன வருஷம் சோனல் மேட்ச். முதல் செட், மூன்றாவது கேம். வலது ஓரத்துக்குப் போன பந்தை எடுக்க ஓடி, காலை ஊன்றித் திரும்பினேன். பாதம் ஷூவின் விளிம்பைத் தாண்டி வெளியே சரிந்தது. கணுக்கால் மடங்கிய சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் ஆறு வாரம், கட்டுப்போட்ட காலோடு லேப் படிக்கட்டு ஏறியதுதான் அந்த சீசனில் நான் ஆடிய ஆட்டம்.

அன்றைக்கு என் கையில் இருந்தது, அப்பாவிடம் கெஞ்சி வாங்கிய 11,000 ரூபாய் ராக்கெட். காலில் இருந்தது தள்ளுபடியில் கிடைத்த ரன்னிங் ஷூ. "பஞ்சு மாதிரி இருக்குடா" என்று ஹாஸ்டல் முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்ட அதே ஷூ!

உங்களில் பாதிப் பேர் இதே தப்பைத்தான் செய்துகொண்டு இருக்கிறீர்கள். நம்ம கோர்ட்டில் சாயங்காலம் நின்று ஒரு தடவை எல்லோருடைய காலையும் பாருங்க, தெரியும்.

ரன்னிங் ஷூ முன்னோக்கி ஓடுவதற்காகச் செய்தது. குதிகால் உயரம், ஃபோம் மிருது. டென்னிஸில் நாம் பக்கவாட்டில் ஓடுகிறோம், சட்டென்று நிற்கிறோம், திரும்புகிறோம். முதல் வருஷ மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்திக்கோங்க: விசை பெருக்கல் செங்குத்துத் தூரம். பாதம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, பக்கவாட்டு விசை கணுக்காலை மடக்கும் திருப்புத்திறனும் அவ்வளவு அதிகம். டென்னிஸ் ஷூ தாழ்வாக, அகலமாக, ஓரங்களில் விறைப்பாக இருப்பது இதனால்தான்.

"ஆனா வெயிட்டா இருக்குமே?" இருக்கும். லேசான மாடல் ஒன்று 350 கிராம் என்றால், உறுதியான மாடல் 410 கிராம் இருக்கலாம். வித்தியாசம் 60 கிராம், ஏறக்குறைய ஒரு டென்னிஸ் பந்தின் எடை. மூன்றாவது செட்டில் அந்த எடை தெரியும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த 60 கிராம் பெரும்பாலும் எங்கே போயிருக்கிறது? அடி ரப்பரில், கட்டைவிரல் பக்கத்துக் காப்பில், குதிகால் கூட்டில். நம்ம சிமென்ட் கோர்ட்டோ உப்புத்தாள் மாதிரி. லேசான ஷூவின் மெல்லிய ரப்பரை அது சீக்கிரமே தின்றுவிடும். பேட்மின்டன் ஷூ போட்டு ஆடுபவர்களே, உங்கள் ஷூவின் மிருதுவான அடிப்பாகம் மரத் தரைக்கானது, அதன் கதி இன்னும் மோசம்.

லேசாகவும் வேண்டும், உழைக்கவும் வேண்டும், விலையும் குறைவாக வேண்டும் என்றால் மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. வருஷத்துக்கு ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர், முதலில் உழைப்பைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் எடை. ஸ்பான்சர் இருப்பவர் தேய்ந்ததும் மாற்றிக்கொள்வார். நமக்கு அடுத்த ஜோடி அடுத்த தீபாவளிக்குத்தான்.

கடையில் என்ன பார்ப்பது? ஷூவை மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள், எதிர்க்க வேண்டும். குதிகால் பகுதியைப் பின்னாலிருந்து அழுத்துங்கள், நசுங்கக் கூடாது. அடியில் மீன்முள் மாதிரி நெளிகோடுகள் இருக்கட்டும். ஆனால் முழுக்க அந்தக் கோடுகளாகவே இருக்கும் செம்மண் கோர்ட் ஷூவை எடுத்துவிடாதீர்கள், ஹார்ட் கோர்ட் என்று கேட்டு வாங்குங்கள். சர்வ் போடும்போது பின்னங்காலை இழுக்கும் பழக்கம் இருந்தால், நுனியில் ரப்பர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஆடும்போது போடும் சாக்ஸோடு போய்ப் போட்டுப் பாருங்கள். சில பிராண்டுகள் சில மாடல்களின் அடிப்பாகத்துக்கு 6 மாத உத்தரவாதம் தருகின்றன. நம்ம ஊரில் அது செல்லுமா என்று பில் போடும் முன் கேளுங்கள்.

வாங்கிய பிறகு அதைப் போட்டுக்கொண்டு கிளாஸுக்கும் கேன்டீனுக்கும் போகாதீங்க, ப்ளீஸ். ஃபோமுக்கும் ஃபட்டீக் உண்டு. அடி தேயாமலே உள்ளே செத்துப்போகும்.

"இதுக்கெல்லாம் காசு எங்கே?" என்பது நியாயமான கேள்வி. ராக்கெட்டை சீனியரிடம் இரவல் வாங்கலாம், பழையது வாங்கலாம், நரம்பு மாற்றி ஆடலாம். இன்னொருவர் கால் பதிந்த ஷூவை அப்படி வாங்க முடியாது. அதனால் ராக்கெட்டில் மிச்சம் பிடித்து ஷூவில் போடுங்கள்.

டீம் கேப்டன்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் ஸ்போர்ட்ஸ் ஃபண்டில் இரண்டாவது ஜெர்சி அடிக்கப் போகிறோம் என்று பேச்சு அடிபடுகிறது. அந்தக் காசில், ரன்னிங் ஷூவோடு பிராக்டிஸுக்கு வரும் ஜூனியர்களுக்கு ஆளுக்குப் பாதி விலையாவது கொடுக்கலாமே? போன வருஷ ஜெர்சி சாயம் போயிருந்தாலும் ஆடலாம். கணுக்கால் போனால் ஆட முடியாது. நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.