முதுகு வளைந்தால் காலுக்கு ஏன் வைத்தியம்?

"அண்ணே, அஸ்திவாரம் கோணினா சுவரும் கோணாதா?" என்று கேட்டாள், ரங்கூன் அலோனில் இருக்கும், எனக்குத் தங்கை முறையாகும் ஒருத்தி. அவள் மகளுக்கு 12 வயது. வலது தோள்பட்டை எலும்பு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. தட்டைப் பாதம்தான் காரணம் என்று யாரோ சொல்லி, அளவெடுத்து ஷூவுக்குள் வைக்க இன்சோல் செய்து கொடுத்திருக்கிறார். ஆறு மாதமாகப் பிள்ளை அதைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். ரங்கூனில் வீடு, கோயில், பயா எனும் புத்த பகோடா எங்கே நுழைந்தாலும் காலணி வாசலோடு சரி. நான் போனபோதும் ஷூ வாசற்படியில்தான் கிடந்தது, உள்ளே அந்த விலை உயர்ந்த வைத்தியத்தோடு.

சுவர் உவமை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்கோலியோசிஸ் எனும் இந்த முதுகு வளைவில் முதுகெலும்பு சுவர்போல ஒரு பக்கம் சாய்வதில்லை. பிழிந்த துணிபோல முறுக்கிக்கொள்கிறது. விலா எலும்புகளும் அதோடு திரும்புவதால்தான் முதுகில் ஒரு பக்கம் மேடு தட்டுகிறது. வளரும் பருவத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு 10 டிகிரிக்கு மேல் இப்படி வளைகிறது. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்னதென்று தெரியாது. (புத்தகப் பையைத் திட்டுவதும் வீண்தான்.)

பாதம்தான் காரணம் என்ற நம்பிக்கை முளைத்த இடமும் தெரிந்ததே. ஒரு கால் குட்டையாக இருந்தால் இடுப்பு சாய்ந்து முதுகும் வளையும். அங்கே செருப்பை உயர்த்தினால் பலன் உண்டு. ஆனால் அந்த வளைவு, பிள்ளை உட்கார்ந்தாலே பெரும்பாலும் மறைந்துவிடும். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவளின் முதுகைப் பாதமா பிடித்து இழுக்கிறது?

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சரியாப் போச்சே" என்றாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. உடம்பைச் சுற்றிப் போடும் பிரேஸ் அணிந்த பிள்ளைகளில் 72 சதவீதம் பேருக்கு, வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. ஒன்றும் செய்யாமல் கவனித்து மட்டும் வந்தவர்களிலோ 48 சதவீதம். அதாவது ஏறக்குறையப் பாதிப் பேர் சும்மா இருந்தே தப்பினார்கள். அவர்கள் ஷூவுக்குள் எதை வைத்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போயிருக்கும். பிரேஸும் பெயருக்குப் போட்டால் உதவாது; நாளுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில்தான் பத்தில் ஒன்பது பேருக்குப் பலித்தது.

இன்சோலால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்பார்கள். அது தின்னும் மாதங்களை யார் கணக்கில் வைப்பது? பிரேஸ் பயன்படுவது வளர்ச்சி மிச்சமிருக்கும்போது, அதுவும் வளைவு 25 முதல் 40 டிகிரிக்குள் இருக்கும்போது. 50ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சைப் பேச்சுதான்.

பிள்ளையைக் கால்களைச் சேர்த்து நின்று, கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொன்னேன். வில்லியம் ஆடம்ஸ் என்ற லண்டன் மருத்துவர் 1865லேயே எழுதி வைத்த சோதனை, காசு செலவில்லை. வலப்பக்க விலா மேடாக எழும்பியது. ஸ்டூலில் உட்கார வைத்துக் குனியச் சொன்னேன். மேடு அப்படியே இருந்தது. தாய்க்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெரியவளாயிட்டாளா?"

"இன்னும் இல்லண்ணே."

அவள் கிடுகிடுவென்று வளரும் மாதங்கள் இவைதான். அளவெடுத்தவர் இதைக் கேட்கவே இல்லையாம். ஷூவை வாசலிலேயே விட்டுவிட்டு, ரப்பர் செருப்போடு எக்ஸ்ரே எடுக்கப் புறப்பட்டோம்.