மானியம் குடும்பத்துக்கா, மீட்டருக்கா?

மின்கட்டணம் உயரும்போதெல்லாம் ஏழைகளுக்கு ஓர் அறிவுரை வந்து சேர்கிறது: சிக்கனமாக இருங்கள், தேவையற்ற விளக்கை அணையுங்கள். இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் ஒரு தொலைக்காட்சியும் மட்டுமே உள்ள வீட்டில் அணைப்பதற்கு என்ன மிச்சமிருக்கிறது என்று அறிவுரை சொல்வோர் கேட்பதில்லை. சேரிகளிலும் காலனிகளிலும் கட்டணச் சுமை கூடுவதற்கு, எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதைவிட, ஒரே மீட்டரின் கீழ் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்பதே பெரிய காரணம் என்று நாம் கருதுகிறோம்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. 2016 முதல் முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைப்படி, 500 யூனிட்டுக்குள் பயன்படுத்துவோர் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாயும், 400 வரை 4.50 ரூபாயும், 500 வரை 6 ரூபாயும் செலுத்த வேண்டியிருந்தது. 500-ஐத் தாண்டினால் 2.25 ரூபாய்ச் சலுகை மறைந்துவிட்டது. 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4.50 ரூபாயாக இருந்தது. 501 முதல் 600 வரை 8 ரூபாயாக இருந்தது. 2024 ஜூலையில் கட்டணம் 4.83 விழுக்காடு உயர்த்தப்பட்டது. விகிதங்கள் மாறினாலும் இந்தப் படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை.

இந்தப் படிக்கட்டில் கூட்டு மீட்டர் என்ன செய்கிறது என்பதை 2022-இன் விகிதங்களைக் கொண்டே கணக்கிடுவோம். மூன்று குடும்பங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மாதத்தில் 200 யூனிட் பயன்படுத்துகிறது. தனித்தனி மீட்டர் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு 225 ரூபாய். மூன்றுக்கும் சேர்த்து 675 ரூபாய். அதே 600 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் 2,750 ரூபாய். அதே விளக்கு, அதே மின்விசிறி. கட்டணம் மட்டும் நான்கு மடங்கு. இரண்டு குடும்பங்களின் இலவச 100 யூனிட்டும் காணாமல் போகிறது. எஞ்சியிருக்கும் மானியமும் மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கில்தான் சேர்கிறது. சிக்கன அறிவுரையால் ஈடுகட்ட முடியாத இழப்பு இது.

ஏன் தனி மீட்டர் வாங்கவில்லை என்று எளிதாகக் கேட்டுவிடலாம். பதில் நிலத்தில் இருக்கிறது. பல தலைமுறைகளாகக் குடியிருந்தும் பட்டா இல்லாத குடும்பங்கள் விண்ணப்பத்தோடு இணைக்க ஆவணமின்றி நிற்கின்றன. அரசு கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீட்டில் மகன் திருமணமாகித் தனிச் சமையல் வைத்தாலும், அந்த வீட்டுக்குக் கதவு எண் ஒன்றுதான். ஒரே கதவு எண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பு வேண்டுமெனில் இடங்கள் நிரந்தரமாகத் தடுத்துப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது தமிழ்நாடு மின்பகிர்மான விதித்தொகுப்பு. மாடிக்கு மாடி கட்டி உட்கதவு எண் வாங்க முடிந்தவர், மாடிக்கு ஒரு மீட்டரும் மீட்டருக்கு ஒரு 100 யூனிட்டும் பெறுகிறார். சுவர் எழுப்ப இடமில்லாதவர் அந்த 100 யூனிட்டைப் பங்கு போடுகிறார். விதி எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருக்கிறது. அதை நிறைவேற்றத் தேவையான நிலம் பொதுவாக இல்லை.

வாடகைக்குக் குடியிருப்போர் நிலை இன்னொரு வகை. வீட்டு உரிமையாளர் உள்மீட்டர் பொருத்தி, தாம் விரும்பிய விகிதத்தில் வசூலிக்கிறார். உரிமம் இன்றி எவரும் மின்சாரத்தை விநியோகிக்கவோ வணிகம் செய்யவோ கூடாது என்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. சாதியைக் கேட்டு வீடு மறுக்கப்படும் நகரங்களில், கிடைத்த வீட்டை இழக்க அஞ்சி இந்த வசூலை யாரும் தட்டிக் கேட்பதில்லை.

சட்டம் இங்கே நம் பக்கம்தான் இருக்கிறது. அச்சட்டத்தின் 43-ஆம் பிரிவு, கட்டடத்தின் உரிமையாளருக்கு மட்டுமன்றி அதில் குடியிருப்பவருக்கும் மின்சாரம் கோரும் உரிமையை அளிக்கிறது. விண்ணப்பம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் இணைப்புத் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை தண்டம். திலீப் எதிர் சதீஷ் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம், உரிமையாளர் தடையின்மைச் சான்று தர மறுத்தார் என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரம் மறுக்கக் கூடாது என்றும், விண்ணப்பித்தவர் அந்த இடத்தில் குடியிருக்கிறாரா என்பதை மட்டுமே மின் நிறுவனம் பார்க்க வேண்டும் என்றும் தெளிவுபடுத்தியது. அதற்கும் முன்பே, சமேலி சிங் வழக்கில், உறைவிட உரிமைக்குள் மின்சாரமும் அடங்கும் என்று அந்நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த வழக்கு பட்டியல் சாதியினருக்கு வீடு கட்ட நிலம் எடுப்பதை எதிர்த்து நில உடைமையாளர்கள் தொடுத்தது என்பதை நாம் மறக்கலாகாது.

தமிழ்நாட்டு விதித்தொகுப்பிலும் வழி உண்டு. உரிமையாளர் ஒப்புதல் தர மறுத்தால், சட்டப்படி குடியிருப்பதற்கான சான்றையும் படிவம் 6-இல் ஈட்டுறுதிப் பத்திரத்தையும் அளித்து இணைப்புப் பெறலாம். ஆனால் வைப்புத்தொகையை இருமடங்காகச் செலுத்த வேண்டும். அதாவது, பட்டாவும் செல்வாக்கும் உள்ளவருக்கு ஒரு மடங்கு. இரண்டும் இல்லாதவருக்கு இரண்டு மடங்கு. உரிமையைக் கொடுத்துவிட்டு அதன் வாசலில் சுங்கம் வசூலிக்கும் ஏற்பாடு இது.

மின்வாரியத்தின் கடனும் இழப்பும் பெரியவை. மேலும் மானியம் தாங்காது என்ற வாதம் எழும். நாம் புதிய சலுகை எதையும் கேட்கவில்லை. குடும்பத்துக்கு 100 யூனிட் என்று மேடையில் அறிவிக்கப்பட்டது குடும்பத்தைச் சென்றடைய வேண்டும் என்கிறோம். கட்டணச் சலுகைக்கான தொகையை மாநில அரசு முன்கூட்டியே வழங்க வேண்டும் என்று 65-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பொதுப்பணம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்பது மக்களின் கடமை.

இந்தக் கேள்விக்கு அவசரமும் இருக்கிறது. ஒன்றிய அரசு 2023-இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டபின் நேரத்துக்கேற்ற கட்டணத்தை முன்வைக்கின்றன: சூரிய ஒளி நேரத்தில் குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல். பயன்பாட்டை நுகர்வோரே தேர்ந்து கட்டணத்தைக் குறைக்கலாம் என்று இதைப் புகழ்கிறார்கள். பகலெல்லாம் வயலிலும் கட்டுமானத்திலும் துப்புரவுப் பணியிலும் இருப்பவர் மாலையில்தான் வீடு திரும்பி அடுப்பு மூட்டுகிறார், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அவருக்கு அந்தத் தேர்வு ஏட்டளவில்தான்.

ஆகவே நம் குடியிருப்புகளில் முதல் வேலை மீட்டரைக் கணக்கெடுப்பது. எத்தனை அடுப்பு, எத்தனை மீட்டர் என்று தெருவாரியாகப் பட்டியல் எடுப்போம். குடியிருப்புச் சான்றுகளுடன் எழுத்து வடிவில் விண்ணப்பித்து ஒப்புகை பெறுவோம். வாய்மொழி மறுப்பை ஏற்க வேண்டாம், காரணத்தை எழுத்தில் கேட்போம். ஒரு மாதம் கடந்தால் மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதன்பின் மின்குறைதீர்ப்பாளர். கட்டண மனு மீது ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும்போது, இருமடங்கு வைப்புத்தொகையை நீக்கவும், தனி அடுப்பு கொண்ட குடும்பத்தைத் தனி நுகர்வோராக ஏற்கவும் கோரி மனு அளிப்போம். அந்த அவைக்குத் தொழிற்சாலைகள் வழக்கறிஞர்களுடன் வருகின்றன. சேரியின் மின்கட்டண ரசீதும் அங்கே ஆவணமாக வைக்கப்பட வேண்டும்.