கச்சத்தீவும் சவுதார் குளமும்

தேர்தல் வந்தால் கச்சத்தீவும் வந்துவிடுகிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது காங்கிரஸ் தீவைத் தாரைவார்த்துவிட்டது என்றார் பிரதமர் மோடி. திமுகவையும் சேர்த்துச் சாடினார். 2025 ஏப்ரல் 2 அன்று, தீவை மீட்க வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆனால் 2014இல் இதே மோடி அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது, தீவைத் திரும்பப் பெற வேண்டுமானால் போர்தான் தொடுக்க வேண்டும் என்பது. மேடைக்கு ஒரு பேச்சு, நீதிமன்றத்துக்கு வேறு பேச்சு.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த ஒப்பந்தம், 285 ஏக்கர் தீவை இலங்கைப் பக்கம் விட்டு எல்லைக்கோடு போட்டது. மீனவரும் பக்தர்களும் முன்போலவே விசா இல்லாமல் தீவுக்கு வந்து போகலாம் என்றது அதன் 5ஆம் பிரிவு. 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ, ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று முடித்துவிட்டன. அது நெருக்கடி நிலைக் காலம். அந்த ஜனவரி 31 அன்றே திமுக ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. எதிர்த்துக் கேட்க இங்கே ஒரு சட்டமன்றம்கூட இல்லை.

சரி, பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போகலாமா? அங்கே நாடுகள் மட்டுமே வழக்காட முடியும். இராமேஸ்வரம் மீனவர் மனுப் போட முடியாது. காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளில் அந்நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்க மாட்டோம் என்று இந்தியாவே எழுதிக் கொடுத்திருக்கிறது. இலங்கை காமன்வெல்த் நாடு. சூழல் மாறிவிட்டது என்று காரணம் காட்டி எல்லை ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது என்பதும் 1969 வியன்னா உடன்படிக்கை வகுத்த விதி. 'மீட்போம்' என்று முழங்குகிற கட்சிகளின் சட்ட வல்லுநர்களுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன?

அப்படியானால் பன்னாட்டுச் சட்டம் வெறும் ஏமாற்றுத்தானா? அவசரப்பட வேண்டாம். 1927இல் மகாடு சவுதார் குளத்தில் அம்பேத்கரும் அவரது தோழர்களும் இறங்கியது குளத்துக்குப் பட்டா கேட்டு அல்ல. தண்ணீர் அள்ளிக் குடிக்கும் உரிமையை நிலைநாட்ட. உடைமை வேறு, பயன்பாட்டு உரிமை வேறு. இந்த வேறுபாடு பன்னாட்டுச் சட்டத்திலும் உண்டு.

செங்கடலின் ஹனிஷ் தீவுகளுக்காக எரித்திரியாவும் ஏமனும் மோதின. 1998இல் நடுவர் மன்றம் அத்தீவுகளை ஏமனுக்குக் கொடுத்தது. அதே தீர்ப்பிலேயே, இரு நாட்டுச் சிறு மீனவர்களும் அங்கே தலைமுறைகளாகச் செய்துவந்த மீன்பிடிப்பு தொடர வேண்டும் என்றும் சொன்னது. நாட்டின் இறையாண்மை மீனவரின் வழக்குரிமையை விழுங்கிவிடாது என்பதே இதன் பொருள். தீவு இலங்கையிடமே இருக்கட்டும்; மரபுவழி மீன்பிடி உரிமையைப் பேசு என்று தில்லியை நெருக்க நமக்கு இது போதுமான ஆயுதம்.

ஆனால் இந்த ஆயுதம் நம் பக்கமும் திரும்பும். அந்த உரிமை சிறு மீனவருக்கு மட்டுமே, பெரும் வணிக மீன்பிடிப்புக்கு இல்லை என்று 1999இல் அதே நடுவர் மன்றம் தெளிவாக்கியது. நம் இழுவைப் படகுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவை கடலடியை வழித்தெடுக்கின்றன; நம் நாட்டுப்படகு மீனவரின் பிழைப்பையும் சேர்த்தே அழிக்கின்றன. அக்கரையில் கிழிவது சிங்களக் கடற்படையின் வலை அல்ல. போர்க்காலம் முழுக்கக் கடலுக்குள் போக முடியாமல் கிடந்து, 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கிய யாழ்ப்பாணம், மன்னார் தமிழர்களின் வலை. தொப்புள்கொடி உறவு என்று பேசுகிறவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அங்கே சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் படகு முதலாளிகளும் அல்லர். கூலிக்கு ஏறிய தொழிலாளர்கள். நிராயுதபாணிகளான அவர்களை இலங்கைக் கடற்படை சுடுவதற்கும் அடிப்பதற்கும் எந்த எல்லைக்கோடும் நியாயமாகாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்குத் துணிவு வேண்டும்.

அத்திப்பட்டில் இருந்துகொண்டு பார்த்தால் இந்த மீனவர் பாசம் இன்னும் வேடிக்கையாகத் தெரிகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் எண்ணெயில் மிதந்தது. இங்கே குறுக்கே வேறொரு நாடு இல்லை, வியன்னாவும் தடுக்கவில்லை. எட்டாத தீவை மீட்கப் போகிறவர்கள், கைக்கெட்டும் கழிமுகத்தை ஏன் மீட்கவில்லை?

நம் கோரிக்கைகள் தெளிவானவை. இழுவைப் படகுகளைக் கைவிட அரசே முழுச் செலவையும் ஏற்க வேண்டும். படகுத் தொழிலாளிக்கு மாற்று வாழ்வாதாரம் வேண்டும். இரு கரைச் சிறு மீனவர்களும் பேச்சுவார்த்தை மேசையில் தரப்பினராக உட்கார வேண்டும். 1974இல் அவர்களைக் கேட்காமல் கோடு போட்டார்கள். இனி அவர்களைக் கேட்காமல் எந்தக் கோட்டையும் அழிக்கவோ வரையவோ யாருக்கும் உரிமை கிடையாது.