எடையை மட்டும் நம்பாதீர்கள்

மலேசிய இந்தியர்களிடம் இனிப்பு நீர் அதிகம் என்பது பழைய செய்தி. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீலாய், லாபு ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டப் போனவர்களின் பிள்ளைகள் இன்று தொழிற்பேட்டையில் ஷிஃப்டு வேலை பார்க்கிறார்கள். நடை குறைந்தது, தே தாரேக்கில் ஊற்றும் கெட்டிப்பால் குறையவில்லை. இந்த நேரத்தில்தான் பருமனையும் இனிப்பு நீரையும் சேர்த்தே தாக்கும் ஊசிகள் வந்திருக்கின்றன. அவற்றின் பலன் யாருக்குச் சேரும் என்பதை எடைத் தராசிடம் விட்டுவிட்டால் நம்மவர்களில் பலர் கணக்கில் வராமல் போவார்கள்.

சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் இன்சுலினைச் சுரக்கச் சொல்லிக் கணையத்தைத் தூண்டும். போதும் என்று மூளைக்கும் சொல்லும். இயற்கையில் சில நிமிடங்களில் அழிந்துவிடும் அதை ஒரு வாரம் தாக்குப்பிடிக்கச் செய்ததுதான் செமாகுளுடைட் என்ற ஊசி மருந்து. டிர்செபடைட் என்ற மற்றோர் ஊசி இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. செமாகுளுடைட்டின் முதல் பெரிய பருமன் சோதனையில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. ஆனால் அதில் சேர, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ குறைந்தது 30 இருக்க வேண்டும், கூடவே வேறு கோளாறு இருந்தால் 27. பங்கேற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளையர்கள்.

நம் உடல் அந்தக் கணக்குக்குள் அடங்காது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. தோலுக்கடியில் இடம் போதாத கொழுப்பு ஈரலிலும் கணையத்திலும் போய்த் தங்குகிறது. ஈரல் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை, கணையம் மெல்லச் சோர்கிறது. பருமனையும் இனிப்பு நீரையும் இணைக்கும் கண்ணி இங்கேதான் இருக்கிறது. அது தராசில் தெரியாது.

வாயைக் கட்டினால் போதாதா, ஊசி எதற்கு என்பார்கள். பாதி நியாயம். 2006-இல் வெளியான சென்னை ஆய்வில் உணவும் நடையும் இனிப்பு நீர் வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. மலிவான மெட்ஃபார்மின் 26.4 குறைத்தது. இது சிறிய பலனல்ல, ஆனாலும் பலருக்கு நோய் வரத்தான் செய்தது. ஊசியை நிறுத்திய ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பிவிடுகிறது என்ற ஆட்சேபமும் உண்மைதான். அதனால்தான் மெலிந்த உடலில் தொப்பை மட்டும் உள்ளவர்களுக்கும் ஊசி போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் அது எவ்வளவு பலிக்கும் என்பதை அந்தப் பெரிய சோதனை சொல்லாது. இடுப்பளவை வைத்து ஆளெடுக்கும் சோதனைகள் மலேசியாவிலேயே நடக்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது இடுப்பையும் அளக்கச் சொல்லுங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்ணுக்கு 80-உம் தாண்டினால், எடை சரியாக இருந்தாலும் ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துவிடுங்கள்.